ஊட்டி ஏரியின் உள்வாய் எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024 ஜூலையில் வருவாய்த்துறை திரும்ப எடுத்துக்கொண்டதிலிருந்து அந்த இடத்தைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒரே சந்தேகத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஒரு காலத்தில் ஏரிக்குள் இருந்ததாக எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா, ஊர்க்கதையா? (மஞ்சனக்கொரை வாசகர்)

உண்மைதான். இன்றைக்கு ஊட்டி ஏரி என்று நாம் பார்க்கிற சுமார் 65 ஏக்கர் தண்ணீர், பழைய ஏரியில் மிஞ்சிய மேற்குப் பகுதி மட்டுமே.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் வேலையைத் தொடங்கி 1825-ல் முடித்த ஏரி இது. ஊர் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தாக்கு கிழக்கேயிருந்து மேற்கே சரிகிறது. தொதவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளுக்கு நடுவே, அடியில் சதுப்பும் ஓடையுமாகக் கிடந்த பள்ளம் அது. இருபுறக் குன்றுகளும் நெருங்கி வரும் மேற்கு முனையில் குறுக்கே ஒரு மண்கரை எழுப்பினார்கள். தண்ணீர் கரைக்குப் பின்னால் தேங்கிக் கிழக்கே ஏறியது. பள்ளத்தின் அடி கிட்டத்தட்டச் சமமாக இருந்ததால் ஆழமாக நிற்பதற்குப் பதில் நீளமாகப் பரவியது. சமவெளியில் ஏரிப் பாசனம் செய்பவர்கள் ‘உள்வாய்’ என்று சொல்வார்களே, கரைக்கு உட்புறம் நீர் பரவும் நிலம், அது இங்கே இன்றைய பஸ் ஸ்டாண்டையும் ரேஸ் கோர்ஸையும் தாண்டி மேலே போயிருந்தது.

உல்லாசப் படகு அப்போது யோசனையில் இல்லை. கீழ்நாட்டுப் பாசனத்துக்கு உதவும் என்பதே முதல் எண்ணம். வழிந்தோடும் தண்ணீர் காந்தல் பக்கம் இறங்கி, சாண்டிநல்லா ஓடையோடு கலந்து, மோயாறு வழியாகப் பவானிக்குப் போகிறது. காமராஜ் சாகர் அணை இந்தப் பாதையில் பிற்காலத்தில் வந்தது. ஏரியில் மீன் வளர்த்தார்கள், இக்கரைக்கும் அக்கரைக்கும் படகில் போய் வந்தார்கள். கரை உடைந்து ஏரி மூன்று தடவை காலியானதும் உண்டு. அந்தக் காலத்து மண்கரைகளில் தண்ணீர் மதகுக் குழாயின் வெளிச்சுவரை ஒட்டிக் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டு போவதும், கலிங்கல் (உபரிநீர் வழிந்து வெளியேறும் இடம்) போதாமல் கரைமேல் வழிவதும்தான் வழக்கமான நோய்கள்.

பிறகு ஏரிக்குக் குறுக்கே இன்னொரு கரை வந்தது. பழைய பதிவுகளில் அதன் பெயர் வில்லோ பண்ட். பாதைக்காகப் போட்ட அந்தக் கரை ஏரியை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே இருந்த மேல்பகுதி ஆழம் குறைந்து சேறும் நாணலுமாக மாறியது. அதை வடித்து மேடாக்கி மைதானமாக்கினார்கள். 1872 முதல் 1875 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஹோபார்ட் பிரபுவின் பெயரால் ஹோபார்ட் பூங்கா என்று அழைக்கப்பட்டது அந்த இடம்தான். குதிரைப் பந்தயமும் அங்கே வந்து சேர்ந்தது. 1899-ல் குன்னூர் வரை வந்திருந்த மலை ரயில் 1908-ல் ஊட்டியை எட்டியபோது ஸ்டேஷனும் இந்தத் தாழ்வான பக்கத்திலேயே அமைந்தது. பஸ் ஸ்டாண்டு பிந்தைய காலத்து வேலை.

நகரத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்தாலே இதில் பாதி விளங்கும். சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இருந்த இடம் இன்றைய அரசுக் கலைக் கல்லூரி. அது மேட்டில் இருக்கிறது. 1829-ல் அடிக்கல் நாட்டிய செயின்ட் ஸ்டீபன் தேவாலயமும் சரிவில்தான் நிற்கிறது. ஏரி முழு நீளத்தில் இருந்த காலத்துக் கட்டடங்கள் எல்லாமே மேலே. அடிப்பள்ளத்தில் இருப்பவை பெரும்பாலும் தண்ணீர் பின்வாங்கிய பிறகு வந்தவை.

கேள்வி: ஏரி ஏன் கிழக்குப் பக்கம் மட்டும் சுருங்கியது? கரைப்பக்கமும் படகு இல்லப் பக்கமும் அப்படியே இருக்கிறதே? (காந்தல் வாசகர்)

எல்லா ஏரியும் தண்ணீர் நுழையும் வாயிலிருந்துதான் சாகத் தொடங்கும். ஊட்டி ஏரிக்கு அந்த வாய், கோடப்பமந்து கால்வாய் வந்து சேரும் கிழக்கு முனை.

ஓடும் தண்ணீர் வேகத்தால்தான் மண்ணைச் சுமக்கிறது. தேங்கிய நீரைத் தொட்டதும் வேகம் போய்விடும், சுமையும் இறங்கிவிடும். முதலில் சரளையும் பெருமணலும், அடுத்து நுண்மணல், பிறகு வண்டல், கடைசியில் களி. ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அடியைத் தொட சுமார் மூன்று நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். களித்துகள் நாள்கணக்கில் மிதந்து படகு இல்லம் வரைக்கும் போய்ச் சேரும். எனவே மேடு முதலில் வாயில்தான் விழும். மேடு விழுந்த இடத்தில் வெயில் அடிவரை பட்டு நாணலும் கோரையும் முளைக்கும். அவை அடுத்த மழையின் வேகத்தை இன்னும் தடுத்து இன்னும் மண்ணைப் பிடித்து வைக்கும். ஒரு கட்டத்தில் மாடு இறங்கி மேய ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு மண் லாரி வருவதற்கு யார் அனுமதியும் தேவைப்படாத மாதிரி ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. ஏற்கெனவே தரையாகிவிட்ட இடம்தானே என்று ஊரும் ஏற்றுக்கொள்கிறது.

வில்லோ பண்ட் இந்த வேலையைத் துரிதப்படுத்தியிருக்க வேண்டும். குறுக்குக்கரைக்குக் கிழக்கே சிக்கிய நீர் அசையாமல் நின்றது. வந்த வண்டலில் பெரும்பங்கு அங்கேயே படிந்தது. ஏரியின் கீழ்ப்பகுதி சில காலம் தெளிவாக இருந்ததென்றால் மேல்பகுதி அதற்கு வடிகட்டியாக இருந்து தன்னையே நிரப்பிக்கொண்டது என்று பொருள். அந்த வடிகட்டியை மைதானமாக்கிய பிறகு கால்வாய் நேராகக் கீழ் ஏரியில் வந்து விழுகிறது. முன்பு மேல்பகுதியில் நடந்தது இப்போது மிஞ்சியிருக்கும் ஏரியின் கிழக்கு ஓரத்தில் நடக்கிறது.

வண்டலின் வகையும் மாறிவிட்டது. புல்வெளியும் சோலையுமாக இருந்த சரிவுகளில் பின்னாளில் உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகள் வந்தன. சரிவுக்கு நேராகப் பாத்தி பிடித்தால் ஒவ்வொரு வாய்க்காலும் மண்ணை ஓடைக்குக் கொண்டு வரும். நகரத்துக்குள் நுழைந்ததும் வீட்டுக் கழிவும் மார்க்கெட் கழிவும் சேரும். மணல் வந்தால் ஏரி மேடாகும். கழிவு வந்தால் மேடாவதோடு அழுகவும் செய்யும். பின்னது வாரி எடுப்பதற்கும் கடினம், எடுத்ததைப் போடுவதற்கும் கடினம்.

கேள்வி: ஏரித் தண்ணீரைக் காய்கறித் தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா?

வேண்டாம். கழிவுநீர் கலக்கும் ஏரி அது. பச்சையாகச் சாப்பிடும் கேரட், முள்ளங்கி, கீரைக்கு அறவே கூடாது. ஊரின் குடிநீரும் இதிலிருந்து வருவதில்லை. பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் போன்ற மேட்டு நீர்த்தேக்கங்களிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: அரை மணி நேரம் நல்ல மழை பெய்தாலே ரயில்வே பாலத்தடியும் படகு இல்லம் போகும் சாலையும் மூழ்கிவிடுகின்றன. கால்வாயைத் தூர்வாரினாலும் அடுத்த வருஷம் அதே கதைதான். என்ன காரணம்? (ஊட்டி மார்க்கெட் வியாபாரிகள் சிலர்)

மூன்று காரணங்கள் ஒரே இடத்தில் கூடுகின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்க்காததால்தான் தூர்வாரல் மட்டும் பலன் தருவதில்லை.

முதலாவது, அந்த இடம் பழைய உள்வாய். சுற்றியிருக்கும் சரிவுகளின் தண்ணீர் எல்லாம் இறங்கிக் கூடும் தாழ்ந்த பட்டை அது. மேலே தரை எதுவானாலும் மட்டம் மாறவில்லை.

இரண்டாவது, தரை மூடப்பட்டது. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 1 லட்சம் லிட்டர். புல்தரையானால் பத்தில் மூன்று பங்கு ஓடிவரும், மீதி ஊறும். தார், கான்கிரீட், தகரக் கூரையானால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும், அதுவும் உடனே வரும். ரேஸ் கோர்ஸ் அளவுக்கு 52 ஏக்கரை எடுத்துக்கொண்டால், புல்லாக இருக்கும்போது 16 லட்சம் லிட்டர். மூடிவிட்டால் 47 லட்சம் லிட்டர். அளவைவிட வேகம்தான் பாலத்தடியில் வினையாகிறது. இரண்டு மணி நேரத்தில் பரவி வர வேண்டியது இருபது நிமிடத்தில் வந்து நிற்கிறது.

மூன்றாவது, கால்வாயின் கடைவாய். எடுத்துக்காட்டாக 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் ஒரு மீட்டர் சேறு படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அடைந்துவிட்டது, பாதித் தண்ணீர் போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. சுவரும் அடியும் தண்ணீரை உரசித் தடுப்பதால், ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். போவது ஐந்தில் இரண்டு பங்குதான். அதே நேரம் ஏரியே முழுக்க நிரம்பியிருந்தால் கால்வாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வடிகிற இடம் இருக்காது. தண்ணீர் பின்னால் ஏறிப் பாலத்தடிக்கு வரும்.

எனவே செய்ய வேண்டிய வரிசை இது: தூர்வாரலை ஏரி முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலைந்த சேறு கீழே வந்து வாயில் படியும். செய்த வேலையில் பாதி வீண். ஜூன் மழைக்கு முன் ஒரு முறை, அக்டோபருக்கு முன் ஒரு முறை என்று இரண்டு தடவை வேண்டும். ஒன்று மட்டும் செய்ய முடியும் என்றால் அக்டோபருக்கு முந்தையதை விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் குணமுள்ளது. மழை எச்சரிக்கை வரும்போது மதகைத் திறந்து ஏரி மட்டத்தை 30 சென்டிமீட்டர் இறக்கி வைத்தால், 65 ஏக்கர் பரப்பில் ஏறக்குறைய 7.9 கோடி லிட்டருக்கு இடம் கிடைக்கும். இதற்குக் காசே வேண்டாம், முன்கூட்டிய முடிவு மட்டும் வேண்டும். ஒரே நாளில் திறந்துவிடக் கூடாது. கீழே காந்தல் பக்க ஓடைக்கரைகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரிவித்து, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக இறக்க வேண்டும்.

கடைக்காரர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கால்வாயின் வலைத்தடுப்பில் சிக்குவது பெரும்பாலும் காய்கறிக் கழிவும் சாக்குப்பையும் பிளாஸ்டிக்கும்தான். வலை அடைந்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் கால்வாய் காலியாக இருந்தும் பயனில்லை. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் வலையை வாரி விடுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வது, மழைக்குப் பிறகு பத்து ஆள் வைத்துச் சேறு அள்ளுவதைவிட மலிவு.

கேள்வி: தாழ்வான பகுதியில் எங்கள் கடையின் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. பூசிப் பூசிப் பார்த்துவிட்டோம். நிரப்பிய நிலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் என்ன செய்வது?

முதலில் விரிசலை அளந்து பாருங்கள், பூசாதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் 10 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். அதன் பக்கத்தில் விரிசலின் இருபுறமும் இரண்டு ஆணி அடித்து இடைவெளியை மாதம் ஒரு முறை அளந்து குறியுங்கள். ஒரு வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும், இரண்டு பருவமழையும் அதற்குள் அடங்க வேண்டும். கோடையில் திறந்து மழையில் மூடினால் மண் ஈரத்தால் ஊதிச் சுருங்குகிறது. எந்தப் பருவத்திலும் மூடாமல் விரிந்துகொண்டே போனால் கட்டடத்தின் ஒரு பக்கம் இறங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மண்ணைப் பார்க்க ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி போதும். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி வெட்டுங்கள். 1.2 மீட்டருக்குக் கீழே போனால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஏரிச்சேறு முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். நீலகிரிச் சரிவில் இயற்கையாக இருப்பது செம்மண். கையில் பிடித்தால் கட்டியாக நிற்கும். நிரப்பிய நிலத்தில் மேலே செங்கல் துண்டு, சாம்பல், கண்ணாடி கலந்த மண் இருக்கும். அதற்குக் கீழே திடீரென்று கறுத்த, நார் நாரான, அழுகல் வாசனை அடிக்கும் மண் வரும். அதுதான் பழைய ஏரிச்சேறு அல்லது அதற்கும் முந்தைய சதுப்புக் கரிமண், அதாவது சதுப்பில் செடிகொடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த மண். இந்த மலையின் பள்ளங்களில் கரிமண் பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. சாண்டிநல்லா பக்கத்துக் கரிமண்ணில் பழங்காலத் தட்பவெப்பத்தையே ஆராய்ந்திருக்கிறார்கள். குழியை ஓர் இரவு விட்டுக் காலையில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று அளந்து கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவை சோடா போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களி. மேலே மிதப்பது மட்கு. அடுத்தது, வெயிலில் நன்கு காயவைத்த 100 கிராம் மண்ணை இரும்புச் சட்டியில் போட்டு வெளியிடத்தில் கரி அடுப்பில் புகை அடங்கும்வரை சுட்டுத் திரும்ப எடை போடுங்கள். கால் பங்குக்கு மேல் எடை குறைந்தால் அது கரிமண். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் நிற்காது.

கரிமண்ணில் நடப்பது இதுதான். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். பாரம் ஏறினால் தண்ணீர் மெதுவாகப் பிதுங்கி வெளியேறும், நிலம் ஆண்டுக்கணக்கில் இறங்கும். பக்கத்தில் ஆழமாக வடிகால் வெட்டினாலோ, யூகலிப்டஸ் நின்றாலோ மண் காய்ந்து சுருங்கும். காற்றுப் பட்ட கரிமண் மட்கிக் கரைந்தும் போகும். ஒரு பக்கம் உறுதியான செம்மண்ணிலும் மறுபக்கம் சேற்றிலும் அஸ்திவாரம் நிற்கும் கட்டடங்கள்தான் அதிகம் விரிசல் விடும், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது. முழுக்கச் சேற்றில் நிற்பது சில நேரம் சமமாக இறங்கி விரிசல் இல்லாமல் தப்பிக்கும்.

ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில்: கூரைநீரைக் குழாய் வழியாக அஸ்திவாரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மண் நிரப்பி மேடாக்காதீர்கள். பலர் வெள்ளத்துக்குப் பயந்து இதைத்தான் செய்கிறார்கள், அந்தப் புது மண்ணின் பாரமே அடுத்த இறக்கத்துக்குக் காரணமாகிறது. மேல்தளம் கட்டும் எண்ணத்தை விடுங்கள். கான்கிரீட் கூரைக்குப் பதில் இலகுவான தகடு போதும். புதிதாகக் கட்டுவதானால் தனித்தனித் தூண் அடித்தளம் கூடாது. கரிமண் ஒரு மீட்டருக்குள் இருந்தால் தோண்டி எடுத்துவிட்டுச் சரளைக்கல் நிரப்பிக் கெட்டிக்கலாம். அதற்கு மேல் ஆழமானால் ராஃப்ட் அடித்தளமா (கட்டடம் முழுக்க ஒரே கான்கிரீட் பலகை), பைல் இறக்குவதா (உறுதியான மண்வரை போகும் ஆழத் தூண்கள்) என்பதை மண் பரிசோதனை பார்த்துப் பொறியாளர் சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு இடத்தில் துளை போட்டு, மண்ணின் உறுதியைக் காட்டும் எஸ்.பி.டி. எண் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே துளையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பழைய ஓடைப்பாதை பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம்.

கேள்வி: ஏரியை முழுசாகத் தூர்வாரினால் பிரச்சினை தீராதா? ஆகாயத்தாமரையையும் சேர்த்து எடுத்துவிடலாமே?

அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 65 ஏக்கர் முழுக்க ஒரே ஒரு சென்டிமீட்டர் சேறு எடுத்தால் அது சுமார் 930 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இரண்டு யூனிட் டிப்பரில் 465 நடை. ஒரு மீட்டர் எடுப்பதென்றால் நூறு மடங்கு. மலைச்சாலையில் அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போய்க் கொட்டும் என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் வேலையையே ஆரம்பிக்க வேண்டும். கரையோரமே குவித்து வைத்தால் அடுத்த மழையில் பெரும்பங்கு உள்ளே இறங்கிவிடும். நகரக் கழிவு கலந்த சேறு என்பதால் பரிசோதனை இல்லாமல் தோட்டத்துக்கு உரமாகக் கொடுக்கக் கூடாது. ஈயம் முதலான உலோகங்களும் குடற்புழு முட்டைகளும் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

எங்கள் கருத்தில் செலவைக் கால்வாயின் வாயில் குவிப்பதே சரி. அங்கே ஒரு படிவுத் தொட்டி அமைத்து, ஜே.சி.பி. இறங்க நிரந்தரச் சரிவுப்பாதை போட்டு, வருஷம் இரண்டு முறை வாரினால் மணல் முழுக்க அங்கேயே நின்றுவிடும். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: நுண்வண்டலும் களியும் தொட்டியில் நிற்காது. அவற்றைத் தடுப்பது தொட்டிக்கு அப்பால் விட்டுவைக்கும் நாணல் சதுப்புதான். கழிவுநீரைத் தடுப்பது இரண்டாலும் ஆகாது. வீட்டுக் குழாய்கள் பாதாளச் சாக்கடையில் சேர்ந்து காந்தல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால்தான் நிற்கும். இணைப்பு கொடுக்காமல் மழைநீர்க் கால்வாயில் குழாயை விட்டிருக்கும் ஒவ்வொரு கட்டடமும் ஏரிக்கு நேராகத்தான் வடிகிறது.

ஆகாயத்தாமரை அந்தக் கழிவின் உரத்தில் வளர்வது. உரம் வருவது நிற்காதவரை எடுக்க எடுக்க வரும். எடுப்பதானால் பனி விழுந்து இலை கருகிய பின், ஜனவரி பிப்ரவரியில், பூக்கும் முன் எடுங்கள். பனி இலையைக் கருக்கும், கிழங்கைக் கொல்லாது; வேரோடு வர வேண்டும். பூத்து விதை விழுந்துவிட்டால் அது பல வருஷம் சேற்றில் உயிரோடு கிடக்கும். எடுத்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு நாள் கரையில் வடியவிட்டு ஏற்றினால் வண்டிச் செலவு கணிசமாகக் குறையும். சாணமும் காய்ந்த சருகும் கலந்து மட்கவைக்கலாம், ஆனால் இந்தக் குளிரில் மூன்று மாதமாவது ஆகும்.

கேள்வி: ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளம் வெட்டினால் வெள்ளம் குறையுமா?

வெட்டும் விதத்தைப் பொறுத்தது. அங்கே நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். இரண்டு மீட்டர் தோண்டிய குளம் ஒன்றரை மீட்டர் ஊற்றுநீரால் நிரம்பியிருந்தால் மழைக்குக் கிடைக்கும் இடம் அரை மீட்டர்தான். எனவே ஆழத்தைக் கணக்கில் எடுக்காமல், மழைக்காலத்து நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு வெற்றிடம் என்பதைக் கணக்கிட வேண்டும். 10 ஏக்கர் பரப்பில் அரை மீட்டர் வெற்றிடம் இருந்தாலே சுமார் 2 கோடி லிட்டர் தாங்கும். ஆழக் குளத்தைவிட அகலமான தாழ்வான பரப்பு நல்லது. கால்வாய் பக்கத்தில் ஒரு வழிசுவர் வைத்து, பெருமழையில் மட்டும் தண்ணீர் உள்ளே வழியுமாறு செய்ய வேண்டும். தினசரி சாக்கடை உள்ளே வந்தால் கொசுவும் நாற்றமும்தான் மிஞ்சும். தோண்டிய மண்ணை அதே நிலத்தில் மேடு போட்டுப் புல் வைத்தால் ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். வெளியிலிருந்து ஒரு லாரி மண்ணும் உள்ளே வரக் கூடாது என்பதில் ஊர் உறுதியாக நிற்க வேண்டும். உள்வாயில் கட்டடமின்றி மிஞ்சியிருக்கும் பெரிய நிலம் இது ஒன்றுதான்.

கேள்வி: கொடைக்கானல் ஏரியும் இதே மாதிரிச் சுருங்கியதுதானா? (கொடைக்கானல் வாசகர்)

பிறப்பு ஒரே மாதிரி, வளர்ப்பு வேறு. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் சதுப்புப் பள்ளத்தில் கரை போட்டு உண்டாக்கியது அது. சுமார் 60 ஏக்கர். உபரிநீர் இறங்கிப் போய் மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஊட்டியில் ஒரு பெரிய ஓடை ஒரே வாயில் வந்து சேர்கிறது. கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம், பல முனைகளில் சிறு ஓடைகள் வந்து சேர்கின்றன. எனவே ஒரே இடத்தில் பெரிய மேடு விழாமல் ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேடாகும். சுற்றுச்சாலை ஏரியை ஒட்டியே போவதால் ஊட்டி போல உள்வாய் நிலம் பெரிதாகப் பிரிந்து போகவில்லை. கவலைப்பட வேண்டியது சாலைக்கு மேலே இருக்கும் சதுப்புகளைப் பற்றி. அவைதான் வண்டலையும் கழிவையும் பிடித்து வைக்கின்றன. அவற்றில் மண் கொட்டினால் ஏரிக்குள் கொட்டாவிட்டாலும் விளைவு ஒன்றே.

கேள்வி: எங்கள் தெரு பழைய ஓடையின் மேல் இருக்கிறதா என்று பதிவேட்டில் எப்படிப் பார்ப்பது?

நகராட்சிப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் வார்டு, பிளாக், புல எண்ணைப் பாருங்கள். சுற்றியுள்ள எண்களின் வகைப்பாட்டையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று வருகிறதா என்பதே முக்கியம். உங்கள் மனைக்கு மேலும் கீழும் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்து நடுவில் மட்டும் அறுந்திருந்தால், அந்த அறுந்த இடத்தில்தான் ஓடை மூடப்பட்டிருக்கலாம். ஊராட்சிப் பகுதியானால் அ-பதிவேடும் (கிராம நிலங்களின் வகைப்பாடு எழுதிய பதிவேடு) எஃப்.எம்.பி. வரைபடமும் (ஒவ்வொரு புல எண்ணின் அளவுப் படம்) பாருங்கள். இன்றைய பதிவு மட்டும் போதாது, வகைப்பாடு மாறியிருக்கலாம். கலெக்டர் அலுவலகப் பதிவறையில் பழைய நில அளவைப் பதிவு, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்னும் பழைய வரைபடங்கள் என்று பின்னோக்கிப் போக வேண்டும். நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஓடை இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன புல எண்ணின் நில அளவை வரைபடத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்த வரைபடத்தை ஒரே அளவுக்குக் கொண்டு வந்து, தேவாலயம், ரயில் பாதை போன்ற மாறாத மூன்று அடையாளங்களைப் பொருத்தி இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடையாளம் மட்டும் வைத்தால் படம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடை அடுத்த தெருவுக்குத் தாவிவிடும்.